நூற்றிருபது தலைகளில் ஒரு சண்டை

இந்த மருந்தை மூக்கில் ஒரு முறை பீய்ச்சிக்கொண்டால் அடுத்த ஒரு மணி நேரம் காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஆயுளுக்கும் மறக்காது என்று டாக்டர் பியூலா சொல்லி முடித்ததும், தாளாளர் அர்த்தநாரி கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஒரு மணி நேரம்தானுங்களா?"

ராசிபுரம் சாலையில் இருந்த வெற்றிச்சுடர் உறைவிடப் பயிற்சிப் பள்ளி அவருடையது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. பிள்ளைகள் தூங்கும் நேரத்தை மட்டும்தான், அதை என்ன செய்வதென்று இன்னும் பிடிபடாததால், அவர்களிடமே விட்டுவைத்திருந்தார்.

அறை ஓரத்தில் விலங்கியல் ஆசிரியர் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பாடத்தில் புலி, மற்ற எல்லாவற்றிலும் மறதி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே மேசை மேசையாகத் தேடுவார். மருந்தைப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்கும் வகுப்பை அவர்தான் எடுக்க வேண்டும் என்று தாளாளர் முடிவு செய்திருந்தார். நாச்சிமுத்து நடத்தினால் தூங்குகிற பிள்ளைகூட எழுந்து உட்காரும்.

"அது எப்படிங்க டாக்டரம்மா, மறக்காம இருக்கும்?" என்றார் அர்த்தநாரி.

மருந்தைக் கொண்டுவந்திருந்த டாக்டர் பியூலா நாகர்கோவில்காரர். நாற்பது வயது இருக்கும். பேசும்போது கையில் கிடைத்ததை எடுத்து விளக்குகிற பழக்கம். தாளாளரின் மேசையில் கிழிந்த திரைச்சீலையைத் தைக்க வைத்திருந்த நூல்கண்டை எடுத்தார்.

"நம்ம செல்லுக்குள்ள டி.என்.ஏ. இப்படித்தான் சார் சுத்தி இருக்கும். இந்த நூல் முழுக்க எழுத்து எழுதியிருக்குன்னு வச்சுக்கோங்க. இறுக்கமா சுத்தியிருந்தா படிக்க முடியுமா? முடியாது. ஒரு விஷயம் மனசுல பதியணும்னா, மூளை செல்லுல சில இடங்கள்ல இந்தச் சுற்று நெகிழணும். நெகிழ்ந்தாத்தான் அங்க இருக்கிற ஜீனைப் படிக்க முடியும், புரதம் தயாராகும், செல்லுக்கும் செல்லுக்கும் உள்ள இணைப்பு கெட்டியாகும். எங்க மருந்து அந்தச் சுற்றைத் தாராளமா நெகிழ்த்திவிடும். பேரே 'அவிழ்'னு வச்சிருக்கோம்."

"நல்ல பேருங்க," என்றார் தாளாளர். அவர் கண்ணுக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் வைக்கப்போகும் விளம்பரத் தட்டி எழுந்து நின்றுவிட்டது.

நாச்சிமுத்து கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "ஒரு சந்தேகமுங்க. எது பாடம், எது பாடமில்லைன்னு மூளைக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் பியூலா அவரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். "தெரியாது சார். எது மனசை உலுக்குதோ அதுக்குத்தான் முதல் இடம். அதனாலதான் வகுப்பு உலுக்குற மாதிரி இருக்கணும்னு கேட்டுக்கறேன்."

"சார் உலுக்கிடுவாருங்க," என்று தாளாளர் உத்தரவாதம் கொடுத்தார்.

பிள்ளைகளின் பெற்றோர் மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தார்கள். இரண்டு மூன்று பேர் மட்டும், ரெண்டு தடவை பீய்ச்சினால் ரேங்க் கூடுமா என்று விசாரித்தார்கள். பிள்ளைகளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இங்கே நாச்சிமுத்துவின் மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவர் மனைவி துளசிமணி மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து, காலையில் அவளும் வேலைக்கு ஓடுகிற ஓட்டத்தில், ஏதாவது ஒரு கீரையைப் பொரியல் செய்து, அதோடு கோதுமைச் சோறும் கட்டிக் கொடுத்துவிடுவாள். நாச்சிமுத்து அந்த டப்பாவைப் பள்ளிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, சாலையைக் கடந்துபோய் எதிர்க் கடையில் பரோட்டா சாப்பிடுவார். மாலையில் கழுவி வாங்கிய டப்பாவைக் கொண்டுபோய் வைத்து, "பிரமாதம்" என்பார். துளசிமணி மலர்ந்துபோவாள். எல்லோருக்கும் சுகமாகத்தான் இருந்தது, காவலாளி உட்பட.

சோதனை நாளன்று பெரிய கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகள் ஆளுக்கொரு சிறு குப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சிலர் பயந்த முகத்தோடு இருப்பதைப் பார்த்த நாச்சிமுத்து, "இதுல ஒண்ணும் இல்ல கண்ணுகளா, பாருங்க," என்று தானும் ஒரு குப்பியை எடுத்து மூக்கில் பீய்ச்சிக்கொண்டார். டாக்டர் பியூலா பதறி எழுந்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

பாடம் சிறுநீரகம். தன் கைப்பேசியைக் கூடத்து ஒலிபெருக்கியோடு புளூடூத்தில் இணைத்து, நெஃப்ரானில் ரத்தம் வடிகட்டப்படுகிற அசைபடத்தைத் திரையில் ஓடவிட்டார். சட்டைக் காலரில் சிறிய மைக். குரல் கணீரென்று இருந்தது. ஹென்லே வளைவு வரைக்கும் வகுப்பு பறந்தது.

அப்போது நெஃப்ரானை மறைத்துக்கொண்டு திரையில் 'துளசி' என்று வந்தது.

எடுக்காவிட்டால் தாளாளர் அறைக்கே போன் போடுகிறவள் அவள். அது தெரிந்தும் துண்டிக்கப்போன விரல் பச்சையில் பட்டது.

"ஏனுங்க, சாப்டீங்களா?" என்று கூடத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் துளசிமணி கேட்டாள்.

"ஆச்சு, ஆச்சு. கிளாஸ்ல இருக்கறேன். அப்புறம் கூப்படறேன்."

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வையுங்க. கீரை எப்படி இருந்துச்சு?"

"அமிர்தம்."

"உப்பு?"

"கச்சிதம்."

"தேங்காய் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டேனோன்னு இருந்துச்சு."

"அதான் ருசியே, துளசி."

போனில் ஒரு லாரி கடந்துபோகிற சத்தம் கேட்டது.

"இன்னிக்கு டப்பாவுல நான் வச்சது அடுப்பு தொடைக்கற துணிங்க."

காவலாளி டப்பாவைத் திறந்து பார்த்திருந்தார். சார் வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று மூடியும் வைத்திருந்தார். கூடத்தில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெஞ்சுகள் மட்டும் குலுங்கின.

"அங்க என்னுங்க சத்தம்?"

"பக்கத்துக் கிளாசு," என்றார் நாச்சிமுத்து.

"நான் இப்ப எங்க நிக்கறேன் தெரியுமா? உங்க பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்புல. இந்தக் கடைக்காரரு சொல்றாரு, சாருக்கு தெனமும் ரெண்டு பரோட்டா, ஒரு ஆஃப்பாயிலாம். சால்னா கேட்டு வாங்கி ஊத்திக்குவீங்களாம். உங்களுக்குச் சக்கரைன்னு அந்த மனுசனுக்குத் தெரியவே தெரியாதாமா!"

அப்போதுதான் நாச்சிமுத்துவின் விரலுக்குப் புளூடூத்தை அணைக்கும் இடம் அகப்பட்டது. கூடம் அமைதியானது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துபோனது. இனி யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அவர் குரலை உயர்த்தினார். காலரில் இருந்த மைக் அவர் நினைவிலேயே இல்லை.

"கடைவீதியில நின்னு மானத்தை வாங்கறயா?"

"கீரை புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லத் தைரியமில்ல. இப்படி ஒரு ஆளுக்கா நான் வாக்கப்பட்டேன்?"

மாட்டிக்கொண்ட மனிதனுக்கு வருகிற கோபம் வேறு எந்தக் கோபத்தையும்விட மோசமானது. நாச்சிமுத்து சொன்னார்:

"நீ ஒண்ணும் வாக்கப்படல. உங்கப்பன் எங்க வாசல்ல வந்து, எங்கால்ல விழாத குறையாக் கெஞ்சுனாரு. பாவம்னு கட்டுனேன். இல்லீன்னா உன்னை எவன் கட்டியிருப்பான்?"

துளசிமணி போனை வைத்துவிட்டாள்.

அவர் கூடத்துக்குள் திரும்பியபோது ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. நூற்றிருபது ஜோடிக் கண்களும் அவருடைய காலரையே பார்த்தன. குனிந்தார். மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

*

வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு காஸ் சிலிண்டர் தீர்ந்துபோனது. அதைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. பேசினார்கள். அவர் டப்பாவைத் தானே காலி செய்ய ஆரம்பித்தார். அவளும் கீரையை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தாள். மாதம் திரும்புவதற்குள் துளசிமணி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பழையபடி அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். சொன்னவர் மறப்பார், கேட்டவரும் பாதியை மறப்பார், மீதியின்மேல் நாட்கள் மண் போட்டு மூடிவிடும்.

ஆனால் நாச்சிமுத்துவுக்கு மறக்கவில்லை. கண்ணாடியைத் தேடுகிற அதே நாச்சிமுத்துவுக்குத்தான். அந்த ஒரு மணி நேரம் மட்டும் தலைக்குள் விளக்குப் போட்ட அறை மாதிரி பளிச்சென்று இருந்தது. காக்கை பறந்தது தெரிந்தது. தன் குரல் எந்த எழுத்தில் உடைந்தது என்பது தெரிந்தது. துளசிமணி போனை வைப்பதற்கு முன்னால் மூச்சை ஒருமுறை உள்ளிழுத்தாள். அதுவும் கேட்டது. அவள் தோளில் தூங்கும்போதெல்லாம் கேட்டது.

பிள்ளைகளின் கதை இதைவிட மோசம். சிறுநீரகத்துக்கு வைத்த தேர்வில் ஹென்லே வளைவு யாருக்கும் சரியாக வரவில்லை. முன்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், மூணாவது கேள்விக்கு யோசிச்சா 'அதான் ருசியே, துளசி'ங்கறதுதான் வருது," என்று அழாத குறையாகச் சொன்னான். விடுதியில் தினமும் நாடகம் நடந்தது. ஒரு மாணவி துளசிமணியாக நடிப்பாள், ஒருவன் நாச்சிமுத்துவாக நடிப்பான். ஒரு இருமலைக்கூட அவர்களால் விட முடியவில்லை. வேடிக்கை ஓய்ந்த பிறகும் சண்டை ஓயவில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்தால் சண்டை, கண்ணை மூடினால் சண்டை. தாளாளர் தம் விளம்பரத் தட்டிக்குக் கொடுத்த ஆர்டரை அச்சகத்தில் ரத்து செய்தார்.

கனிஷ்கா என்ற மாணவி மட்டும் சிரித்ததும் இல்லை, புகார் சொன்னதும் இல்லை. ஒரு நாள் நாச்சிமுத்துவே கேட்டார்.

"உனக்குத் தொந்தரவா இல்லையாம்மா?"

"இல்லைங்க சார்."

"எப்படி?"

"எங்க வீட்ல சண்டையே வராதுங்க சார். அப்பாவும் அம்மாவும் பேசிக்கறதே இல்ல. நான் நாலாவது படிக்கறப்போ இருந்து. ஆன்ட்டி உங்களத் திட்டறாங்கல்ல சார், உங்களுக்குச் சக்கரைன்னு... அது எனக்குப் புடிக்கும். கடைசில நீங்க சொன்னதுதான் புடிக்கல."

நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

*

"வழி இருக்கு," என்றார் டாக்டர் பியூலா. இந்த முறை நூல்கண்டைத் தேடவில்லை. "ஒரு ஞாபகத்தைத் திரும்ப எடுத்துப் பாக்கும்போது அந்தச் சுற்று மறுபடியும் கொஞ்சம் நெகிழும். அந்த நேரத்துல இன்னொரு மருந்தைக் கொடுத்தா, திரும்பப் படிக்க முடியாத அளவுக்கு இறுக்கிடலாம். 'சுருள்'னு பேரு."

"கொடுத்துருங்க!" என்றார் அர்த்தநாரி.

"சும்மா கொடுத்தா வேலை செய்யாது. ஞாபகம் முழுசா எழும்பணும். அதே கூடம், அதே ஒலிபெருக்கி, அதே குரல்கள். சாரும் அவங்க வீட்டம்மாவும் அந்தச் சண்டையை மறுபடியும் போடணும்."

நாச்சிமுத்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மறுபடி இறக்கினார். அந்தச் சண்டையை நூற்றிருபது பேர் கேட்டார்கள் என்பதே துளசிமணிக்குத் தெரியாது. பக்கத்துக் கிளாசு என்று அவர் சொன்னதை அவள் நம்பியிருந்தாள்.

அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மடித்த வேட்டியையே மறுபடி உதறி மடித்தாள்.

"நூத்தியிருவது புள்ளைங்களா?"

"ஆமா."

"அடுப்பு தொடைக்கற துணின்னு நான் சொன்னது?"

"எல்லாருக்கும் மனப்பாடம்."

துளசிமணி வேட்டியை முகத்தில் வைத்து மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அவர் பக்கத்தில் போனார். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வர்றனுங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா நான் என்ன பேசுனேன்னு எனக்கே சரியா ஞாபகமில்லையே. அதுங்ககிட்டக் கேட்டுத்தான் பேசோணும்."

அப்படித்தான் ஒத்திகை ஆரம்பமானது. சனிக்கிழமை மதியம் கனிஷ்காவும் இன்னும் சிலரும் துளசிமணியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஆன்ட்டி, 'ஒரே ஒரு வார்த்தை'ன்னு இழுப்பீங்க. நேராச் சொல்லக் கூடாது."

"ஆன்ட்டி, உப்புன்னு கேக்கறதுக்கு முன்னாடி தொண்டையைச் செருமுவீங்க."

"நானா?"

"ஆமாங்க ஆன்ட்டி. இப்படி." ஒரு பையன் செருமிக் காட்டினான். துளசிமணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். தன் தொண்டை எப்படிச் செருமும் என்று இத்தனை வயதில் இப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

வராந்தாவில் நடந்த பகுதியில் துளசிமணி பேசியது பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கவில்லை. அதை நாச்சிமுத்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"அப்புறம் நீங்க என்னுங்க சொன்னீங்க?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். செருமிக் காட்டிய பையனுக்கு நிலைமை புரியவில்லை. ஆரம்பித்ததை நிறுத்தும் வழியும் தெரியவில்லை. சாரின் குரலிலேயே, சார் மூச்சு வாங்கிய இடத்தில் தானும் மூச்சு வாங்கி, கடைசி வரைக்கும் ஒப்பித்துவிட்டான்.

"இல்லீன்னா உன்னை எவன் கட்டியிருப்பான்?"

துளசிமணியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியானது.

"ஓ," என்றாள். "ஆமா. இது எனக்கு மறந்தே போயிருந்துச்சு."

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் அதுவரை புழங்கியதில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாச்சிமுத்து, "காத்து ரொம்ப அடிக்குதா, ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்," என்றாள்.

*

மறுபடியும் அதே கூடம், அதே பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு குப்பி. இந்த முறை 'சுருள்'. துளசிமணி பச்சைப் பட்டுப்புடவை கட்டி வந்து, கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் கைப்பேசியோடு நின்றாள். டாக்டர் பியூலா மேடை ஓரத்தில் நின்று தலையசைத்தார்.

நெஃப்ரானை மறைத்துக்கொண்டு 'துளசி' என்று வந்தது.

"ஏனுங்க, சாப்டீங்களா?"

கூடம் முழுக்க ஒரு சிலிர்ப்பு ஓடியது. பிள்ளைகளின் உதடுகள் தாமாகவே அசைந்தன. அமிர்தம். கச்சிதம். அதான் ருசியே. அடுப்புத் துணி வந்தபோது, அன்றைக்கு அடக்கிவைத்த சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்கள். நாச்சிமுத்து போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். தாழ்வாரத்தில், கூப்பிடு தூரத்தில், துளசிமணி நின்றிருந்தாள். அன்றைக்குத் தெரியாத அவள் முகம் இன்று நேருக்கு நேர் தெரிந்தது.

"இப்படி ஒரு ஆளுக்கா நான் வாக்கப்பட்டேன்?"

அவருடைய முறை. அவர் பேசவில்லை.

வாசலுக்கு வந்த டாக்டர் பியூலா கைகளால் கெஞ்சினார். அந்தக் கடைசி வரிதான் ஆழமாகப் பதிந்தது, அது எழும்பாவிட்டால் எதுவும் போகாது என்று முன்பே சொல்லியிருந்தார். நாச்சிமுத்து தலையை ஆட்டினார், முடியாது என்று.

துளசிமணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "சொல்லுங்க," என்றாள். "புள்ளைங்க படிக்கோணும். சொல்லுங்க."

சொன்னார். கிணற்றுக்குள் கல்லைப் போடுவது மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் போட்டார். இப்போது அவள் போனை வைக்க வேண்டும். டாக்டர் பியூலா குப்பியை உயர்த்திச் சைகை காட்டத் தயாரானார்.

துளசிமணி போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். விறுவிறுவென்று நடந்து வந்து நாச்சிமுத்துவின் காலர் மைக்குக்கு எதிரில் நின்றாள்.

"எங்கப்பா உங்க வாசலுக்கு வந்தது நெசம்தானுங்க. ஆனா அதுக்கு முன்னாடி எங்க வீட்டு நடையில எங்கால்ல விழுந்துட்டுத்தான் வந்தாரு. கோபிச்செட்டிபாளையத்து மாப்பிள்ளையைத்தான் கட்டுவேன்னு நான் பச்சத்தண்ணி குடிக்காமக் கெடந்தேன். ஆளு அப்படி இருப்பாரு. புல்லட்டு வச்சிருந்தாரு. எங்கப்பாதான், 'இந்தப் பையனைக் கட்டிக்க கண்ணு, இவன் பாவம், கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறான், இவனை எவ கட்டுவா?'ன்னு அழுதாரு. எரக்கப்பட்டுத் தலையாட்டுனேன்."

கூடம் வெடித்தது. பெஞ்சைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள். அர்த்தநாரி தாம் தாளாளர் என்பதை மறந்து மேசையைக் குத்திச் சிரித்தார். "குப்பி! குப்பி! எல்லாரும் பீய்ச்சுங்க!" என்று டாக்டர் பியூலா கத்தியது பாதிப் பேருக்குத்தான் கேட்டது. அவர்களைப் பார்த்து மீதிப் பேரும் பீய்ச்சிக்கொண்டார்கள்.

நாச்சிமுத்து தன்னிடமிருந்த குப்பியை மூக்கருகே கொண்டுபோனார். அழுத்தினால் அந்தக் காக்கை, அந்த மூச்சு, அந்தப் பாவி வாக்கியம் எல்லாம் போய்விடும். இத்தனை நாளாக அதற்குத்தான் ஏங்கினார். ஆனால் அதோடு இதுவும் போய்விடுமே. கோபிச்செட்டிபாளையம். புல்லட்டு. உண்மையா? சும்மா அடித்துவிட்டாளா? வீட்டுக்குப் போய் இதைக் கேட்காமல் எப்படி இருப்பது?

விரலைத் தளர்த்திக் குப்பியைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது கூடத்தின் மூன்றாவது வரிசையிலிருந்து கனிஷ்கா ஜன்னல் வழியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குப்பியும் மூடி திறக்காமல் இருந்தது. இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

*

மருந்து வேலை செய்தது. ஏதோ சிரிப்பாக நடந்தது என்ற அளவில் பிள்ளைகள் தெளிந்தார்கள். சிறுநீரகமும் சேர்ந்து சுருட்டிக்கொண்டு போய்விட்டதால் அதை முதலிலிருந்து நடத்த வேண்டியிருந்தது. அது பரவாயில்லை. கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் பியூலா நாச்சிமுத்துவைத் தனியாக அழைத்தார்.

"உங்க வீட்டம்மாவும் ஒரு குப்பி கேட்டு வாங்கினாங்க சார்."

"எதுக்குங்க?"

"'இவர் சொன்னது எனக்கு மறந்துபோயிருந்துச்சு, ஒத்திகையில மறுபடி வந்து ஒட்டிக்கிச்சு, இது வேண்டாம்'னாங்க. பேசி முடிச்சதும் பீய்ச்சிக்கிட்டாங்க. நான் பாத்தேன்."

நாச்சிமுத்து மெதுவாகக் கேட்டார். "அப்ப, கடைசியா அவ ஒண்ணு சொன்னாளே... அது?"

"அதுவும் போயிருக்கும்."

"அது இல்லைங்க டாக்டர். அந்த மாப்பிள்ளை விஷயம் நெஜமா நடந்திருந்தா, அந்தப் பழைய ஞாபகம் அவளுக்கு இருக்குமில்ல?"

டாக்டர் பியூலா உதட்டைப் பிதுக்கினார். "எடுத்துப் பாத்த ஞாபகம் எதுவா இருந்தாலும் அப்ப நெகிழ்ந்துதான் இருந்திருக்கும் சார். நெஜமா இருந்தா அதுவும் சேர்ந்து இறுகியிருக்கும். சும்மா சொல்லியிருந்தா, இறுகறதுக்கு அங்க ஒண்ணுமே இருந்திருக்காது. எப்படியிருந்தாலும் இனிமே அவங்ககிட்ட இருந்து தெரிஞ்சுக்க முடியாது."

வீட்டில் துளசிமணி பட்டுப்புடவையை மாற்றிவிட்டு விசிறியடியில் உட்கார்ந்திருந்தாள். முகம் ஒத்திகையன்று பேருந்தில் பார்த்த முகமாக இல்லை. நாச்சிமுத்து எதிரில் உட்கார்ந்து, எதேச்சையாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"துளசி, கோபிச்செட்டிபாளையத்துல உனக்கு யாரையாவது தெரியுமா?"

"கோபியிலயா? அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

"புல்லட்டு வச்சிருக்கற ஆளு. உன்னைப் பொண்ணு கேட்டு..."

"என்னையா?" அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாருங்க சொன்னது?"

"நீதான். இன்னைக்கு, எல்லார் முன்னாடியும். அவரைத்தான் கட்டுவேன்னு பட்டினி கெடந்தியாம். உங்கப்பா கால்ல விழுந்து, எனக்காகக் கெஞ்சுனாராம்."

துளசிமணி விட்டத்தைப் பார்த்து யோசித்தாள். அவள் கன்னத்தில் மெல்ல ஒரு பூரிப்பு ஏறியது.

"நான் சொல்லியிருந்தா சரியாத்தானுங்க இருக்கும்," என்றாள்.

பிறகு திடீரென்று அவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, அதை எதுக்கு நான் அங்க சொன்னேன்? அதுக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க?"

அவருடைய தலைக்குள் விளக்குப் போட்ட அறையில் காக்கை பறந்தது. ஒவ்வொரு சொல்லும், சொல்லுக்கு நடுவிலிருந்த ஒவ்வொரு மூச்சும் வரிசையாக வந்து நின்றன. உலகத்தில் அது எழுத்துக்கு எழுத்து நினைவில் இருப்பவர்கள் இரண்டே பேர்தான். இன்னொருத்தி விடுதியில் விலங்கியல் படித்துக்கொண்டிருப்பாள்.

"ஞாபகமில்ல, துளசி," என்றார் நாச்சிமுத்து.

"உங்களுக்கு என்னிக்குத்தான் எது ஞாபகம் இருந்திருக்கு!" என்று அலுத்துக்கொண்டே அவள் எழுந்தாள். கைப்பேசியை எடுத்துத் தேட ஆரம்பித்தாள்.

"யாருக்குப் போன் போடற?"

"பெரியக்காவுக்கு. அவளுக்கு எல்லாம் தெரியும். ஆளு எப்படி இருந்தாருன்னு கேட்டுப் பாக்கறேன்."

நாச்சிமுத்துவும் எழுந்தார். அவர் கிட்டே போவதற்குள் அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கதவில் காதை வைத்தார். "அக்கா, ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லோணும்," என்று கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் 'ம்... ம்...' என்று மட்டும் கேட்டது. பிறகு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கேட்டே இராத ஒரு சிரிப்பு, உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.